மைக் துளைக்குள் ஒரு வானொலி நிலையம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை. ஸ்வீடனின் தென்மேற்குப் பகுதியில் கிரிமேட்டன் என்ற கிராமத்தில், நூறு வயதைத் தொட்ட இயந்திரம் ஒன்றை மெல்ல முடுக்கிவிடுவார்கள். அதில் டிரான்சிஸ்டர் கிடையாது. ஓர் எஃகுச் சக்கரம், அதன் விளிம்பில் 488 பள்ளங்கள், அவ்வளவுதான் விஷயம். சக்கரம் நிமிடத்துக்கு 2,115 சுற்று சுற்றும். இரண்டையும் பெருக்கி 60-ஆல் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 17,200 துடிப்பு. அதுதான் அந்த நிலையத்தின் அலைவரிசை, 17.2 கிலோஹெர்ட்ஸ். அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குத் தந்தி அனுப்புவதற்காக 1924-ல் எழுந்த நிலையம் இது. 2004-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்போது வருடத்தில் சில தடவை மட்டும் வாய் திறக்கும். மோர்ஸ் குறியீட்டில் ஒரு வாழ்த்துச் செய்தி சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும்.

அந்தச் சில நிமிடங்களுக்காக ஐரோப்பா முழுக்க ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் காத்திருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களில் சிலர் மேஜையில் ரேடியோவே இருக்காது. ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதன் மைக் துளையில், பாட்டுப் பாட மைக் செருகும் அதே துளையில், நீளமான ஒயர் ஒன்றோ கம்பிச் சுருள் ஒன்றோ செருகியிருக்கும். ஒரு சின்ன மென்பொருள் ஓடும். ஸ்பீக்கரிலிருந்து ஸ்வீடன் பேசும்.

ரேடியோ எங்கே போயிற்று?

சவுண்ட் கார்டுதான் ரேடியோ. இந்தப் பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிற பெயர். சவுண்ட் கார்டுக்கு சவுண்ட் என்றால் என்னவென்று தெரியாது. மைக் துளையில் வந்து நிற்கும் மின்னழுத்தம் எவ்வளவு என்று விநாடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக எழுதித் தள்ளுவது மட்டுமே அதன் வேலை. அந்த மின்னழுத்தம் ஒரு பாகவதரின் தொண்டையிலிருந்து வந்ததா, ஸ்வீடனிலிருந்து வந்த மின்காந்த அலை ஒயரில் உண்டாக்கியதா என்று அது விசாரிப்பதில்லை. ஒன்றை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறோமோ, அதில் பாதி வரையிலான துடிப்பை உள்ளபடியே பதிவு செய்துவிடலாம் என்பது கணித விதி. 48,000-ல் பாதி 24,000. கிரிமேட்டனின் 17,200 அதற்குள் சௌகரியமாக அடங்கிவிடுகிறது.

இதை ஆய்வகத்துக்கென்று செய்திருந்தால் அந்தக் காலத்தில் பெரிய விலை சொல்லியிருப்பார்கள். வந்ததோ விளையாட்டுக்காக. எண்பதுகளில் பல கம்ப்யூட்டர்களுக்கு 'பீப்' என்பதைத் தவிர வேறு குரல் கிடையாது. சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற அட்டையைக் கொண்டுவந்தது. கேம்ஸில் துப்பாக்கி உண்மையாகவே வெடித்தது, பிள்ளைகள் குதித்தார்கள். பத்து வருடத்தில் அந்த அட்டை தனியாக வாங்க வேண்டிய பொருளாக இல்லாமல், மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. ஆக, தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு துல்லியமான மின்னழுத்த மானி உலகமெங்கும் வீடுகளுக்குள் சத்தமில்லாமல் புகுந்திருந்தது. அது என்ன என்று கண்டுகொண்டவர்களில் ஹாம்கள் முன்வரிசை.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாம் பீட்டர் மார்ட்டினெஸ் பிஎஸ்கே31 என்றொரு முறையை உருவாக்கினார். விசைப்பலகையில் தட்டுவதை மெல்லிய விசில் ஒலியாக மாற்றி ரேடியோ வழியே அனுப்பும் முறை இது. ஆரம்பத்தில் இதற்கென்றே சிறப்புச் சிப் பொருத்திய தனி அட்டை தேவைப்பட்டது. அது எல்லோரிடமும் இருக்கவில்லை. 1998-ன் இறுதியில், சாதாரண சவுண்ட் கார்டிலேயே ஓடும் விண்டோஸ் மென்பொருளாக அவர் அதை வெளியிட்டதும் கதவு திறந்துகொண்டது. பெயரில் வரும் 31-க்கும் காரணம் உண்டு. விநாடிக்கு 8,000 முறை அளக்கும் கணக்கை 256-ஆல் வகுத்தால் 31.25 வரும். விநாடிக்கு 31.25 துடிப்பு, நிதானமாகத் தட்டச்சு செய்கிறவரின் வேகத்துக்கு அது போதும். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'இ' எழுத்துக்கு இரண்டே துடிப்பு, எப்போதாவது வரும் 'இசட்'டுக்கு நீளமான குறியீடு என்று சிக்கனம் வேறு. ஒருவர் வாயால் பேசினால் அலைவரிசையில் சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு இடத்தை அடைத்துக்கொள்வார். அதே இடத்தில் பிஎஸ்கே31-ல் சில டஜன் பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் உரையாடலாம்.

அதைத் திரையில் பார்ப்பதே ஓர் அழகு. வாட்டர்ஃபால் என்பார்கள். மேலிருந்து கீழாக நிறம் வழிந்துகொண்டே இருக்கும். வெறும் இரைச்சல் தூறல் மாதிரித் தெரியும். ஒவ்வொரு நிலையமும் ஒரு கோடாக இறங்கும். ஒரு கோட்டின் மேல் சுட்டியை வைத்துத் தட்டினால், எங்கோ ஒருவர் தட்டிக்கொண்டிருக்கும் வாக்கியம் எழுத்தெழுத்தாக விழும்.

இந்தக் கோடுகளை யார் பிரிக்கிறார்கள்? ஃபூரியர் உருமாற்றம் என்ற கணக்கு. அரிசி, உளுந்து, கொண்டைக்கடலை எல்லாம் கலந்த மூட்டையைச் சல்லடையில் தனித்தனியாகப் பிரிக்கிற மாதிரி, கலந்து வரும் அதிர்வுகளைத் தனித்தனி சுருதிகளாகப் பிரித்துக் கொடுக்கும். கணக்கு பழையது. அதை மின்னல் வேகத்தில் போடும் வழியை ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965-ல் வெளியிட்டார்கள். அதனால்தான் சாதாரணக் கம்ப்யூட்டர் இதைச் சலிக்காமல் செய்கிறது.

ஆனால் சல்லடைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வீணைக்குச் சுருதி சேர்ப்பவர்களைக் கவனித்தால் புரியும். இரண்டு தந்திகள் நிறைய விலகியிருந்தால் மீட்டிய உடனே காது கண்டுபிடித்துவிடும். மயிரிழைதான் விலகியிருக்கிறது என்றால், அலையலையாக எழுந்து அடங்கும் அந்த நாதத்தைக் கொஞ்ச நேரம் காத்திருந்து கேட்க வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அதே கதிதான். ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பிரிக்க ஒரு விநாடி கேட்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்கப் பத்து விநாடி. சல்லடைக் கண் சிறுக்கச் சிறுக்க, பொறுமை கூடவேண்டும். இந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் கூலி பெரிது. இரைச்சல் மூட்டை முழுக்கப் பரவிக் கிடப்பது. கண் சிறுத்தால் ஒவ்வொரு கண்ணிலும் விழும் இரைச்சலும் குறையும். ஆடாமல் அசையாமல் ஒரே சுருதியில் நிற்கும் சமிக்ஞையோ முழுசாக ஒரே கண்ணில் வந்து விழும்.

இந்தக் கூலியை முழுசாக வசூலித்தவர் நோபல் பரிசு பெற்ற ஒருவர். அமெரிக்காவின் ஜோசப் டெய்லர், சின்ன வயதிலேயே ஹாம். வளர்ந்து வானியலுக்குப் போனார். 1974-ல் தன் மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸுடன் சேர்ந்து, அரெசிபோவின் ராட்சத ரேடியோ தொலைநோக்கி மூலம், ஒன்றையொன்று சுற்றும் ஜோடி நட்சத்திரங்களில் ஒரு பல்சாரைக் கண்டுபிடித்தார். விநாடிக்குச் சுமார் 17 முறை துடிக்கும் அந்த நட்சத்திரத்தின் மெல்லிய துடிப்பை வருடக்கணக்கில் அளந்ததில், ஈர்ப்பு அலைகள் உண்டு என்பதற்கான முதல் ஆதாரம் கிடைத்தது. அதற்காக 1993-ல் நோபல். பரிசு வாங்கியவர் ஓய்வெடுக்கவில்லை. இரைச்சலில் புதைந்த துடிப்பைத் தோண்டியெடுக்கும் வித்தையை, 2001-லிருந்து தன் பழைய பொழுதுபோக்குக்குத் திருப்பிவிட்டார். எழுதிய மென்பொருள்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்.

எரிநட்சத்திரம் விழும்போது வானில் கண நேரம் ஒரு தடம் உண்டாகும். அதில் ரேடியோ அலை பட்டுத் திரும்பும். அந்தக் கண நேரத்துக்குள் செய்தியைத் திணிக்க ஒரு முறை செய்தார். நிலாவில் அலையை மோதவிட்டுத் திரும்பி வருவதைக் கேட்க இன்னொரு முறை. போய்வர சுமார் 2.5 விநாடி ஆகும் அந்தப் பயணத்தில் அலை ஏறக்குறைய செத்தே போய்விடும். முன்பெல்லாம் தோட்டம் நிறைய ஆன்டெனா நட்டவர்களுக்கு மட்டுமே நிலா பதில் சொன்னது. டெய்லரின் மென்பொருள் வந்தபின், ஒற்றை ஆன்டெனா வைத்திருப்பவர்களும் பெரிய நிலையங்களோடு நிலா வழியே தொடர்புகொண்டார்கள்.

2017-ல் டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் சேர்ந்து வெளியிட்ட எஃப்டி8 முறைதான் உலகத்தையே ஆட்டிவைத்தது. எட்டு சுருதிகள், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி 6.25 ஹெர்ட்ஸ். 15 விநாடிக்கு ஒரு முறை, 12.64 விநாடி நீளத்துக்கு ஒரு செய்தி. இரைச்சலின் பலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும் சமிக்ஞையைக்கூட இது படித்துவிடும் என்பார்கள். கேட்டால் மாயமந்திரம் போலிருக்கும். கணக்குப் போட்டால் மந்திரம் கலைந்துவிடும். இரைச்சல் 126 பங்கு, சமிக்ஞை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 126 பங்கு என்பது 2,500 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவிக் கிடப்பது. கம்ப்யூட்டர் பார்ப்பதோ 6.25 ஹெர்ட்ஸ் சல்லடைக் கண் வழியாக, அதாவது 400-ல் ஒரு பங்கு அகலத்தில். அந்தக் கண்ணுக்குள் இரைச்சல் 126-ஐ 400-ஆல் வகுத்த அளவுதான். ஒரு பங்கில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. உள்ளே சமிக்ஞைதான் ராஜா. மிச்ச வேலையைப் பிழைதிருத்தக் குறியீடு பார்த்துக்கொள்கிறது: 77 பிட் செய்திக்குக் காவலாக இன்னொரு 97 பிட் கூடவே போகும். வழியில் சில எழுத்து சிதைந்தாலும் மிச்சத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கு விலை ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியில் அழைப்புக் குறி, இருக்கும் இடத்தின் நான்கெழுத்துக் கட்ட எண், சமிக்ஞை எவ்வளவு பலமாகக் கேட்டது என்ற எண் ஆகியவற்றுக்குமேல் பெரிதாக எதற்கும் இடமில்லை. கட்ட எண் என்பது உலக வரைபடத்தைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பெயரிட்ட முறை. சென்னைக்கு என்கே03, மதுரைக்கு எம்ஜே99. பரிமாற்றம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். 'அங்கே மழையா, பேத்தி கல்யாணம் எப்படி நடந்தது' என்று கேட்க வழியில்லை.

மூத்த ஹாம்களுக்கு இதில் கோபம் உண்டு. 'ரெண்டு கம்ப்யூட்டரும் வணக்கம் சொல்லிக்கொள்கின்றன, முதலாளி காபி குடிக்கிறார். இதுக்குப் பேர் ரேடியோவா?' என்கிறார்கள். நியாயமான கோபம்தான். மோர்ஸ் கட்டையைத் தட்டும் விரலின் லாகவத்தை வைத்தே எதிர்முனையில் இருப்பவர் யாரென்று சொல்லிவிடும் தலைமுறைக்கு, முகமில்லாத இந்த எண்கள் கசக்கத்தான் செய்யும்.

ஆனால் கோபிப்பவர்கள் பெரும்பாலும் மொட்டை மாடியும் தோட்டமும் உள்ளவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் நிலைமை வேறு. ஆன்டெனா என்று ஆரம்பித்தாலே அசோசியேஷன் கூட்டம் போட்டுவிடும். கிடைப்பதெல்லாம் பால்கனியில் துணிக்கொடி மாதிரி ஒரு கம்பி. சுற்றிலும் வீட்டுக்கு வீடு எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர்; இவற்றில் பலவும் சிற்றலைவரிசை முழுக்க இரைச்சலைத் துப்புபவை. அந்த இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது. 5 வாட் சக்தியில் அனுப்பும் எஃப்டி8 எடுபடும். அந்த முறை வந்ததும் சூரியனின் சுறுசுறுப்பு இறங்கிக்கொண்டிருந்த காலத்தில். அப்போது வானமே தொலைதூர அலைகளைச் சரியாகத் திருப்பி அனுப்பவில்லை. பலருக்கு, எஃப்டி8 அல்லது ஒன்றுமில்லை என்பதே நிஜம். பேச ஆசைப்படுபவர்களுக்கு பிஎஸ்கே31 இன்றும் இருக்கிறது, கோடுகள் கொஞ்சம் குறைந்துவிட்டன.

செய்துபார்க்க இறங்குபவர்களைக் கணக்கு படுத்துவதில்லை; சில்லறை விஷயங்கள்தான் படுத்தும். ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் நேரடியாக ஒயரால் இணைத்தால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' என்று உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் ஒரு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுப் பிரித்துவிட்டால் அநேகமாக அடங்கிவிடும். கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு விநாடிக்குமேல் முன்பின்னாக இருந்தால் எஃப்டி8-ல் திரை காலியாகவே கிடக்கும். ஆன்டெனாவைக் குறைசொல்லிப் புண்ணியமில்லை. வீடியோ அழைப்புக்காக வைத்திருக்கும் இரைச்சல் குறைப்பு வசதியை அணைக்க வேண்டும். அது ரொம்ப நல்ல பிள்ளை. மனிதக் குரல் அல்லாத எல்லாமே குப்பை என்று முடிவுகட்டி, ஆசையாகத் தேடும் சமிக்ஞையையே துடைத்து எறிந்துவிடும். அனுப்புகிறவர்கள் விண்டோஸின் 'டிங்' ஒலியையும் அணைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் புது மெயில் வந்த செய்தி கண்டம் விட்டுக் கண்டம் போகும்.

அனுப்புவதற்கு மத்திய அரசின் தேர்வு எழுதி ஹாம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். கையில் கிடைத்த கருவியில் பட்டனை அழுத்திப் பேசிப்பார்ப்பது சட்டப்படி குற்றம். கேட்பதில் தொடங்குவதே எல்லோருக்கும் வசதி.

அதற்குக் கம்ப்யூட்டர்கூட அவசியமில்லை. சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள்ளும் இதே மின்னழுத்த மானி இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சில சமயம், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக மாற்றி அனுப்பும். கேட்பதற்கு ஏறி இறங்கும் விசில் மாதிரி இருக்கும். நிலையம் தலைக்கு மேலே கடக்கும் பத்து நிமிடத்துக்குள் இரண்டு நிமிடப் படங்கள் ஒன்றிரண்டு பிடித்துவிடலாம். ஹாம் நண்பரின் கையடக்க ரேடியோ பக்கத்தில், ரோபோட்36 என்ற இலவச ஆப்பைத் திறந்துவைத்த போனைப் பிடித்தால் போதும், ஒயரே வேண்டாம். படம் மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்கும். பக்கத்தில் யாராவது பேசினால் அந்த வரி மட்டும் கோணிக்கொள்ளும். ஆகவே வீட்டில் எல்லோரையும் இரண்டு நிமிடம் வாய்மூட வைக்க வேண்டும். சோதனையில் கடினமான பகுதி அதுதான்.

இன்னும் கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள், பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று விழிக்கும் பிள்ளைகள், கிரிமேட்டன் வித்தையை இங்கேயே செய்யலாம். ஸ்வீடன் வரை போக வேண்டாம். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் தளம் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக 18.2 கிலோஹெர்ட்ஸில் செய்தி அனுப்புகிறார்கள். அந்த அலை ஒன்றின் நீளமே 16 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு நீண்ட அலைதான் கடல்நீருக்குள் சில மீட்டராவது இறங்கும். செய்தி சங்கேதத்தில் இருக்கும்; அது யாருக்கும் புரியாது, புரியவும் வேண்டாம். வேண்டியது அதன் பலம் மட்டும். 18,200 என்பது 24,000-க்குக் கீழே, ஆகவே சவுண்ட் கார்டின் கைக்கு எட்டும். இந்திய ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாக இந்த அலையை வைத்து வானத்தைப் படித்து வருகிறார்கள்.

ஒரு மீட்டர் சதுர மரச்சட்டம், அதில் சில டஜன் சுற்று ஒயர், ஒரு சின்ன பெருக்கி, அங்கிருந்து மைக் துளை. இடி மின்னல் நேரத்தில் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், அதில் சமரசம் கூடாது. சட்டத்தை மின்விசிறி, டிவி, இன்வெர்ட்டர் இவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் சில விநாடிக்கு ஒரு முறை 18.2 கிலோஹெர்ட்ஸின் பலத்தைக் குறித்துக்கொண்டே போகும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய சூப்பர்சிட் கருவியும் இதே மாதிரி, சவுண்ட் கார்டை நம்பித்தான் ஓடுகிறது.

ஒருநாள் ஓடவிட்டுப் பார்த்தால், விடியும்போதும் அந்திசாயும்போதும் கோடு தடுமாறுவது தெரியும். பகலில் வெயில் பட்டு, தரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற ஓர் அடுக்கு உருவாகிறது. இரவில் அது கரைந்து, கூரை இன்னும் மேலே போகிறது. அலை அந்தக் கூரையில் முட்டித்தான் வருகிறது என்பதால் கூரை நகரும்போதெல்லாம் பலமும் மாறும். பகல் முழுக்கக் கோடு அநேகமாக அமைதியாக ஓடும். ஏதோ ஒரு மதியம், எந்தக் காரணமும் இல்லாமல், சில நிமிடத்துக்குள் அது செங்குத்தாக எழும். பிறகு அரைமணி, ஒருமணி நேரம் சரிந்து சரிந்து பழைய இடத்துக்கு வரும். பார்ப்பதற்குச் சுறாவின் முதுகுத் துடுப்பு போல இருக்கும். சில சமயம் தலைகீழாகவும் வரும். அப்படி வந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, செயற்கைக்கோள்கள் அளந்த சூரிய எக்ஸ் கதிர்ப் பதிவைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள் பதிவுகள் எல்லோரும் பார்க்கத் திறந்தே இருக்கின்றன. அதே நிமிடங்களில் அங்கேயும் ஒரு முகடு இருந்தால், 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சூரியனில் வெடித்தது, 8 நிமிடம் பயணித்து வந்து, விஜயநாராயணத்துக்கு மேலேயிருக்கும் கூரையைத் தட்டி, வீட்டு லேப்டாப்பின் மைக் துளையில் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம்.